பேய்க்கதை கதையாதை

வட இலங்கையில், எங்கள் வன்னிப் பேச்சில் ‘பேய்க்கதை’ என்றால் பேய் வருகிற கதை என்று மட்டும் பொருள் இல்லை. ‘சும்மா பேய்க்கதை கதையாதை’ என்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் எரிந்து விழுந்தால், அங்கே பேயும் கிடையாது, கதையும் கிடையாது. அலட்டாதே என்கிறார், அவ்வளவுதான். ஏமாற்றுவதற்குப் பெயர் ‘பேய்க்காட்டுறது’. புத்தி மட்டானவன் ‘பேயன்’. பேய் என்றாலே பம்மாத்து என்று எங்கள் மொழி எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பொழுது பட்டதும் அதே வாய், பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே ‘சாப்பிடாட்டி முனி வந்து நிக்கும்’ என்கிறது. அந்தப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, தானாக வந்து ‘ஒரு பேய்க்கதை சொல்லுங்கோ’ என்று கேட்டால் மட்டும் ‘இரவிலை உதெல்லாம் வேண்டாம், படு’ என்று பதில் வரும்.

பயமுறுத்தும் கதைகளைப் பிள்ளைகள் ஏன் தேடிப் போகிறார்கள், பெரியவர்கள் ஏன் அவற்றின் மேல் கத்தரி வைக்கிறார்கள் என்று எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான் உளவியல் படித்தவன் இல்லை. கதை கேட்டு வளர்ந்தவன். இப்போது கதை சொல்லச் சொல்லி மருமக்கள் பிய்த்துத் தின்னும் வயதில் இருக்கிறேன்.

முதலில், எதைப் பயக்கதை என்கிறோம்? கேட்பவர் பயப்பட வேண்டும் என்றே சொல்லப்படுவது. கேட்பவரும் அந்தப் பயத்தை விரும்பி வாங்கிக்கொள்வது. இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் அதற்குப் பெயர் வெருட்டு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கிவிடும்.

வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். கதிர் முற்றும் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் பரண் கட்டுவார்கள். நடுச்சாமத்தில் யானை வருகிறது. பரணில் இருக்கிற பெடியனுக்கு நெஞ்சு அடிக்கிறது, கை வியர்க்கிறது, வாய் காய்கிறது. ஆனாலும் கண்ணை எடுக்கமாட்டான். விடிந்ததும் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். இனி, அதே யானை, அதே பெடியன், பரண் மட்டும் இல்லை, வரம்பில் தனியே நிற்கிறான் என்று வையுங்கள். நெஞ்சு அதேபோலத்தான் அடிக்கும். பிறகு அதைப் பற்றி அவன் வாயே திறக்காமல் போகக்கூடும். உடம்பு இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: ஆபத்து என்று மூளை அறிவித்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகிறது, ஓடவோ எதிர்க்கவோ தசைகள் இறுகுகின்றன. வேறுபாடு காலுக்குக் கீழே இருக்கிற நாலு கம்பில் இருக்கிறது.

கதையில் அந்தப் பரண் எது? சொல்கிறவரின் மடி. பக்கத்தில் படுத்திருக்கும் தமையன். ‘ஒரு ஊரிலை’ என்ற தொடக்கம், எப்படியும் ஒரு முடிவு வரும் என்ற நிச்சயம், ‘காணும், நிப்பாட்டுங்கோ’ என்று சொல்லிவிடலாம் என்ற உரிமை. இவ்வளவும் இருந்தால் பிள்ளை யானையைக் கிட்டப் பார்க்கலாம்.

எவ்வளவு பயம் என்பதும் ஒரு கணக்கு. டென்மார்க்கில் பேய்வீடு ஒன்றுக்குள் காசு கொடுத்துப் போனவர்களின் இதயத் துடிப்பை ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் குறைந்தாலும் இன்பம் குறைவு, கூடிப்போனாலும் குறைவு. நடுவில் ஓரிடத்தில்தான் இன்பம் உச்சத்துக்குப் போகிறது. கறிக்குத் தூள் போடுகிற மாதிரித்தான். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை கரண்டி என்பது அந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் ‘அப்பூச்சி காட்டுகின்றான்’. அப்பூச்சி காட்டுவதென்றால் பயங்கரமாகக் கோலம் காட்டி மற்றவரை வெருட்டும் விளையாட்டு. அங்கே வெருட்டுகிறவன் பிள்ளை, வெருண்டு ‘அம்மனே’ என்று கத்துகிறவர்கள் மற்றவர்கள். பயத்தைக் கொடுக்கும் உரிமையையும் பிள்ளை கேட்கிறது என்பதை ஆழ்வார் கவனித்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் ஒளித்திருந்து ‘ஊ’ என்று பாய்கிற எந்தப் பிள்ளையும் செய்வது அதைத்தான்.

என் அம்மம்மாவின் கதைகள் ஜாம் போத்தல் விளக்கில் நடந்தன. போர் நடந்த தொண்ணூறுகளில் எங்கள் பகுதிக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றறிக்குத் தடை, கரண்ட் என்ற பேச்சே இல்லை. போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய், பஞ்சு, ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் சுவரில் விழும் நிழல் ஆளை விட மூன்று மடங்கு. கதைக்கு வேறு படம் தேவைப்படவில்லை. அவர் கதை தூர தேசத்தில் தொடங்காது. ‘முத்தையன்கட்டுக் குளக்கட்டாலை ஒருத்தன் தனிய வாறான், வலப்பக்கம் ஒரு பாலை மரம்...’ அந்த மரம் எங்களுக்குத் தெரியும். பகலில் அதன் கீழ்ப் பழம் பொறுக்கியிருக்கிறோம். மரத்தடியில் ஒரு பெண் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் ஆள் முடிந்தான். பாக்குவெட்டி நுனியில் வைத்து நீட்டினால் மோகினி இரும்புக்குப் பயந்து போய்விடுவாள். அடுத்த நாள் என் தம்பி, ஆறு வயது, பாக்குவெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டான். அம்மம்மாவுக்கு வெற்றிலை போட வழியில்லாமல் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

அந்தப் பாக்குவெட்டியில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல பயக்கதை பேயைத் தரும்போதே அதை மடக்கும் சூத்திரத்தையும் தந்துவிடுகிறது. சிறு பிள்ளைக்கு இருட்டு, தனிமை, அம்மா திரும்பி வராமல் போவாளோ என்ற கலக்கம் எல்லாம் உருவமில்லாமல் உள்ளே கிடக்கும். கதை அதற்கு ஒரு முகம், ஒரு பெயர், நிற்க ஒரு மரம், ஓட ஒரு காரணம் கொடுக்கிறது. பெயர் வைத்த பயத்தோடு பேரம் பேசலாம். ஆனால் மூன்று நாலு வயதில் கதை எது, நிசம் எது என்ற கோடு இன்னும் மங்கலாகத்தான் இருக்கும். அந்த வயதுக்கு முனி சுவருக்கு வெளியே உண்மையாகவே நிற்கிறது. ஏழெட்டு வயதில் கோடு தெளிந்துவிடும், அதனால்தான் பேய்க்கதைப் பைத்தியம் பெரும்பாலும் அந்த வயதில் பிடிக்கிறது.

அம்மம்மாவும் தணிக்கை செய்தவர்தான். பொழுது பட்டால் எங்கள் வீட்டில் ‘பாம்பு’ என்ற சொல் கிடையாது. ‘பூச்சி’ என்றுதான் சொல்லவேண்டும். பெயர் சொன்னால் வந்துவிடும். எந்தக் கதையிலும் கைக்குழந்தைக்கு ஒன்றும் நடக்காது. செத்தவர் பெயரில் ஊரில் உயிரோடு யாரும் இருந்தால் பெயரை மாற்றிவிடுவார். இவையெல்லாம் அவர் தானாகப் போட்ட வெட்டு. ஏன் சொல்கிறேன் என்றால், ‘வெட்டவே கூடாது’ என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. கதை சொல்கிற எவரும் ஆளைப் பார்த்து, நேரம் பார்த்து, முகம் பார்த்து வெட்டத்தான் செய்வார். பிரச்சினை, பிள்ளையின் முகத்தையே பார்க்காதவர் வெட்டும்போது வருகிறது.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் நாட்டார் கதைகளைத் திரட்டி 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். சிறுவருக்கு ஏற்றதல்ல என்று முறைப்பாடு வந்ததும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார்கள். ஏழாவது, கடைசிப் பதிப்பு 1857இல். என்ன மாறியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். கோபுரத்தில் அடைபட்ட நீண்ட கூந்தல் பெண் கர்ப்பமான செய்தி மறைந்தது. மகளைக் கொல்லச் சொன்ன பெற்ற தாய் சிற்றன்னையாக மாறினாள். பிள்ளைகள் இறைச்சி வெட்டி விளையாடி உயிர் போகும் கதை இரண்டாம் பதிப்போடு காணாமல் போனது, அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பொல்லாத அரசிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சப்பாத்தை மாட்டிச் சாகும்வரை ஆடவிட்ட முடிவை யாரும் தொடவில்லை. இரத்தம் அவர்களைக் கலக்கவில்லை. தாய் கெட்டவளாக இருக்கலாம் என்பதுதான் கலக்கியது. வெட்டுப்பட்ட இடங்களைப் பார்த்தால் பிள்ளைகளின் பயத்தை விடப் பெரியவர்களின் பயம் நன்றாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கிளாஸ்கோ சம்பவம். 1954 செப்டெம்பர். ஸ்கொட்லாந்தின் அந்தத் தொழிலாளர் நகரில், கோர்பல்ஸ் என்ற பகுதியில், பள்ளிக்கூடம் விட்ட கையோடு நூற்றுக்கணக்கான சிறுவர்கள் தடியும் கத்தியுமாக மயானத்துக்குள் இறங்கினார்கள். ஏழடி உயரத்தில் இரும்புப் பல்லோடு ஓர் இரத்தக்காட்டேரி இரண்டு பெடியன்களைத் தின்றுவிட்டது, அதை வேட்டையாட வேண்டும் என்பது கதை. பொலிஸ் வந்தது. பிள்ளைகள் கலைந்தார்கள், அடுத்த நாள் திரும்பவும் வந்தார்கள். அப்படி எந்தப் பெடியனும் காணாமல் போயிருக்கவில்லை. பெரியவர்கள் கூடி யோசித்து ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள்: அமெரிக்காவிலிருந்து வரும் பயங்கரச் சித்திரக் கதைப் புத்தகங்கள். அடுத்த ஆண்டே பிரித்தானிய நாடாளுமன்றம், சிறுவருக்குக் கேடான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்துக்கான கூச்சலில் இந்த மயானக் கதையும் சேர்ந்திருந்தது. பிறகு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தால், இரும்புப் பல் காட்டேரி வரும் சித்திரக் கதை ஒன்றும் அகப்படவில்லை. இரும்புப் பல் இருந்த இடங்கள் வேறு. ஒன்று, பிள்ளைகளைப் பிடிக்க வரும் இரும்புப் பல்லுக்காரியைப் பற்றிய பழைய ஸ்கொட்லாந்துக் கவிதை, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது. மற்றது விவிலியத்தில் தானியேல் ஆகமத்தின் ஏழாம் அதிகாரம்.

அதே 1954இல் அமெரிக்கச் சித்திரக் கதை வெளியீட்டாளர்களும், செனற் விசாரணைக்குப் பயந்து, தாங்களே ஒரு விதிக்கோவை எழுதிக்கொண்டார்கள். இரத்தக்காட்டேரி கூடாது, நடமாடும் பிணம் கூடாது, தலைப்பில் ‘பயங்கரம்’ என்ற சொல்லே வரக்கூடாது. 1971இல் அதைத் தளர்த்தியபோது, பழைய இலக்கிய மரபில் வந்த காட்டேரி என்றால் வரலாம் என்றார்கள். பேய்க்கும் பரம்பரை பார்க்கிற உலகம்.

பிறகு வந்தது 1981. அல்வின் ஷ்வார்ட்ஸ் என்பவர் அமெரிக்க நாட்டார் வழக்கிலிருந்த பேய்க்கதைகளைத் திரட்டி, இருட்டில் ஒருவருக்கொருவர் சொல்லத் தக்கதாகச் சின்னச் சின்னதாக எழுதினார். தொண்ணூறுகளில் நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அந்த நாட்டில் அதிக எதிர்ப்பு வந்த நூல்களின் பட்டியலில் அவருடைய தொகுதிகளே முதலிடம். கதைகளை விட, ஸ்டீபன் காமெல் வரைந்த படங்கள்தான் பெற்றோரைக் கலக்கின. மை ஒழுகி வடிவது போன்ற முகங்கள், பார்த்தால் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும். 2011இல் மறுபதிப்புப் போட்டபோது வேறு ஓவியரின் சாந்தமான படங்களை வைத்தார்கள். உடனே முறைப்பாடு எழுதியவர்கள் யார் என்றால், சிறுவயதில் அந்தப் பழைய படங்களுக்குப் பயந்து போர்வைக்குள் புகுந்த அதே ஆட்கள். சில ஆண்டுகளில் பழைய படங்கள் திரும்பி வந்தன.

இதையெல்லாம் வாசிக்கும்போது எங்கள் பக்கத்தை நினைத்துக்கொள்வேன். கந்தசஷ்டி கடைசி நாள் சூரன்போருக்குத் தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். யானைத் தலை, சிங்கத் தலை என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கழற்றப்படுகிறது. பிள்ளை வீரிட்டு அழுதாலும் ‘பார், பார்’ என்று முகத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கோவலன் கூத்தில் விடியும் சாமத்தில் வெட்டு விழுகிறது, பாயில் அரைத்தூக்கத்தில் பிள்ளைகள். மதுரையை எரித்த கண்ணகி வந்து இளைப்பாறிய இடம் என்றுதான் வற்றாப்பளை அம்மன் கோயிலைக் கும்பிடுகிறோம். வைகாசிப் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு போகிறோம். கோயில் சொன்னால் அது பக்தி. கடையில் வாங்கிய புத்தகம் சொன்னால் அது கெடுதல். கிளாஸ்கோக்காரர் விவிலியத்தை விட்டுவிட்டுச் சித்திரக் கதையைப் பிடித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சரி, வெருட்டுக்கு வருவோம். ‘உச்சி வெயிலில் குளத்தடிக்குப் போகாதே, முனி அடிக்கும்’ என்பதில் ஒரு நியாயம் இருந்தது. ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் பிள்ளை தண்ணீரில் இறங்கக்கூடாது. காட்டுக்குள் போகாமல் இருக்கக் கரடிக் கதை. 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியபோது முனியின் இடத்தில் சிவப்பில் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள் நின்றன. படமும் தெரு நாடகமுமாகப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பயமுறுத்துவதுதான் நோக்கம், பயந்துதான் ஆகவேண்டும். அதற்கும் கதைக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் சோற்றுக் கவளத்தோடு வருகிறது. ‘சாப்பிடாட்டி ஆமி பிடிச்சுக்கொண்டு போகும்’ என்று சொல்லி எத்தனை பிள்ளைக்கு இங்கே சோறு தீத்தினோம். பிள்ளைபிடிகாரன் என்ற பழைய பூச்சாண்டிச் சொல், பிள்ளைகளைக் கட்டாயமாகப் போருக்குப் பிடித்த காலத்தில் என்ன பொருள் எடுத்தது என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவற்றுக்கு முடிவு கிடையாது, பாக்குவெட்டி கிடையாது, ‘நிப்பாட்டுங்கோ’ என்று சொல்லவும் முடியாது. பரண் இல்லாத யானை. பேய்ப் புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டுகிற அதே வீட்டில் இது தாராளமாக நடக்கும்.

வதந்தியும் இந்தச் சாதிதான். 2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதம் நாட்டின் பல பகுதிகளை ஆட்டியது: உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பீதி. ஆண்கள் தடியோடு விடிய விடிய ஒழுங்கையில் காவல். கிழக்கிலும் வடக்கிலும் சனத்துக்கும் படைக்கும் மோதல். அந்தக் கிழமைகளில் எந்தப் பிள்ளையும் பேய்க்கதை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வெளியே பூதம் நிற்கும்போது உள்ளே எதற்குப் பேய்?

இதனால்தான் ‘இவ்வளவு பட்ட பிள்ளைகளுக்குப் பயக்கதை சொல்லலாமா?’ என்ற கேள்வி வன்னியில் கனமானது. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம் கூடாரங்களில் இருந்தபோது, இரவில் பிள்ளைகள் என் அம்மம்மாவைச் சுற்றி வந்து முனிக் கதை கேட்டார்கள். பக்கத்துக் கூடாரத்து அக்கா கோபித்தார்: ‘பட்டது காணாதே, இதுவும் வேணுமோ?’ அம்மம்மா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் தொடங்கினார். ஆனால் பழைய கதை அப்படியே வரவில்லை. யாரும் காணாமல் போகிற கதைகளை விட்டுவிட்டார். சத்தம் கேட்டு ஓடுகிற இடங்களை விட்டுவிட்டார். மிச்சமிருந்தவை மொக்கு முனிகள். ஒருவன் முனியிடம் மணலில் கயிறு திரிக்கச் சொல்லித் தப்புகிற கதையைப் பிள்ளைகள் கிழமைக்கு நாலு தரம் கேட்டார்கள். அந்த அக்காவும் பிறகு கூடாரத் துணியை விலக்கி வைத்துக்கொண்டு கேட்டார்.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியில் நடந்ததைத் தனித்தனி ஆட்களின் மனவடுவாக மட்டும் பார்க்க முடியாது, ஒரு சமூகம் முழுவதற்குமான கூட்டு மனவடு என்று எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கத்தரியைப் பிடித்திருக்கும் கையும் காயப்பட்ட கைதான். ‘இரவிலை உதெல்லாம் வேண்டாம்’ என்று நாங்கள் சொல்லும்போது, யாருடைய இரவை நினைத்துச் சொல்கிறோம்? பல வீடுகளில் அது பிள்ளையின் இரவு இல்லை. அந்தப் பிள்ளை 2012இல் பிறந்திருக்கும்.

சொல்லத் தொடங்குகிறவர்களுக்குச் சில கைப்பழக்கம் மட்டும். பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், வேறு அறையிலிருந்து வேண்டாம். உண்மையாக இறந்தவரையோ காணாமல் போனவரையோ பேயாக்க வேண்டாம்; அந்தக் கதைகளுக்குச் சொந்தக்காரர் வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளை போர்வையை இழுத்தால் சரி, கையை இறுக்கினாலும் சரி. பேசாமல் விறைத்துப்போனால் உடனே மோகினியைக் கால் தடக்கி விழுத்துங்கள், சிரிக்கட்டும். கதை முடிந்த கையோடு விளக்கை நூர்க்காமல் தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக, ‘பிறகு அவன் எங்கை போனவன்?’ என்று கேட்க நேரம் விடுங்கள். யூடியூபில் ஒன்று முடிய அடுத்தது தானாக ஓடுகிறது. அதற்குப் பிள்ளை விறைத்தது தெரியாது. பறித்துப் பூட்டுவதை விடப் பக்கத்தில் இருந்து பார்ப்பது மேல் என்பது என் கருத்து, என் தங்கைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை.

போன மாரியில் ஒருநாள் இரவு கரண்ட் போய்விட்டது. தங்கையின் மகளுக்கு எட்டு வயது. இருட்டில் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

‘மாமா, நான் ஒரு கதை சொல்லட்டா? பயந்தா சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்.’

சொன்னாள். பாலை மரம் இருந்தது, சுண்ணாம்பு கேட்டவள் இருந்தாள், என் அம்மம்மாவைக் கண்டே இராத பிள்ளை. ஆனால் பாக்குவெட்டியைத் தேடின ஆள் அதை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான். எனக்கு அந்தத் திருப்பம் தெரியாது. அந்த இடத்தில் பார்த்துக் கரண்ட் வந்தது. அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு கத்தினாள்:

‘லைட்டை நூருங்கோ மாமா, இன்னும் முடியேல்லை!’